மைமூன் பீவியின் கல்லில் விரிந்த பூ

மீரான்துறையில் மனிதர்கள் அவ்வப்போது பொய் சொல்வார்கள், கடல் எப்போதாவது பொய் சொல்லும், வானிலை அறிக்கை பெரும்பாலும் பொய் சொல்லும், ஆனால் மையவாடியில் நிற்கும் மீசான் கல் மட்டும் பொய் சொல்லாது என்று ஊரில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கைக்கு அதுவரை சோதனை எதுவும் வந்ததில்லை, ஏனென்றால் யாரும் செதுக்காத ஒன்றை எந்தக் கல்லும் அதுவரை சொன்னதில்லை.

மையவாடியில் ஆளை அடக்கிய கபுரின் தலைமாட்டில் நடுகிற கல்தான் மீசான். எழுத்து தெரியாதவரும் அதை வாசித்துவிட வேண்டும் என்று அந்த ஊரின் முன்னோர் ஒரு முறை வைத்திருந்தார்கள். எல்லாக் கல்லிலும் மேலே ஒரு வளைவு, வளைவின் உச்சியிலிருந்து இறங்கும் சங்கிலி, சங்கிலியின் நுனியில் ஒரு விளக்கு. அது ஈமான் என்ற நம்பிக்கையின் வெளிச்சம், இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே அளவில்தான் செதுக்குவார்கள். விளக்கின் கீழே அரபு எழுத்தில் பெயர், தகப்பன் பெயர், ஹிஜ்ரி ஆண்டு. அதற்கும் கீழேதான் ஆளுக்கு ஆள் மாறும் சங்கதி: கடலோடிக்குப் பாய்மரக் கப்பல், மார்க்கம் படித்த ஆலிமுக்கு எழுதுகோல் பெட்டி, வியாபாரிக்குத் தராசு, பெண்ணுக்கு ஒரு சீப்பு. சீப்பின் அடியிலிருந்து தண்டோடு கிளம்பும் பூக்கள் அவள் பெற்ற பிள்ளைகள், விரியாத மொட்டு பிறந்து தக்காமல் போன பிள்ளை, தண்டில்லாமல் ஓரமாகத் தனியே நிற்கும் ஐந்து இதழ்ப் பூ அவள் பால் கொடுத்த அடுத்தவள் பிள்ளை. ஐந்து இதழ் எதற்கென்றால், இரண்டு வயதுக்குள் ஐந்து தரம் வயிறாரக் குடித்தால்தான் அந்தப் பிள்ளை பால்பிள்ளை ஆகும் என்பது அவர்கள் பின்பற்றும் சட்டம். ஆகிவிட்டால் அவள் பெற்ற மக்கள் அத்தனை பேரும் அதற்குக் கூடப்பிறந்தவர்கள், அவர்களில் ஒருவரோடு நிக்காஹ் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கலீலின் மனைவி மைமூன் பீவி மௌத்தாகி அடக்கம் முடிந்து நாற்பதாம் நாள் நட்ட கல்லில் விளக்கு இருந்தது, சீப்பு இருந்தது, நான்கு மகன்களுக்காகத் தண்டோடு நான்கு பூக்கள் இருந்தன, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பத்து மாதம் அது அப்படியேதான் நின்றது. பதினோராம் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, எருக்கஞ்செடி பிடுங்கப் போன, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் பக்கீர் மோதினார் அந்தக் கல்லின் வலது ஓரத்தில் தண்டில்லாத ஒரு மொட்டைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், பிறகு எருக்கஞ்செடியைக் கையில் பிடித்தபடியே கலீல் வீட்டுக்கு நடந்தார். கல்லைச் செதுக்கிய ஆசாரியை வண்டி வைத்து அழைத்து வந்தார்கள். அவர் தடவிப் பார்த்துவிட்டு, வேலை சுத்தமாக இருக்கிறது, ஆனால் தன் கை இல்லை, கல்லின் காலடியில் ஒரு சிட்டிகைத் தூள்கூடக் கிடக்கவில்லையே, உளி பட்டிருந்தால் தூள் விழுந்திருக்குமே என்றார். அதற்குமேல் அவரை யாரும் குடையவில்லை. எப்படி வந்தது என்று கேட்பதைவிட யாருக்காக வந்தது என்று கேட்பதுதான் மீரான்துறைக்கு முக்கியமாக இருந்தது.

ஏனென்றால் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் மைமூன் பீவியின் கடைசி மகன் ஜெய்லானிக்கும் பக்கத்து வீட்டுத் தமீமின் மகள் ருகையாவுக்கும் நிச்சயம் நடந்திருந்தது.

செய்தி தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது ருகையாவின் உம்மா செய்னம்பு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னவள் சொல்லி முடிக்கும்வரை அவள் தலை நிமிரவில்லை, அரிவாள்மனையிலிருந்து கை எடுக்கவில்லை, சாளை மீனின் செதிள் எல்லாம் போன பிறகும் உரசிக்கொண்டே இருந்தாள். பிறகு மாஷா அல்லாஹ், அப்படியா என்று மட்டும் சொன்னாள். அவளுக்குப் பயம்தான், ஆனால் அதை இருபத்து மூன்று வருஷமாக மறைத்துப் பழகியிருந்ததால் மறைப்பது சிரமமாக இல்லை.

ருகையா சாதாரணமாக ஒன்றுக்கு ஆசைப்படுகிற பெண் இல்லை. பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர், அளந்து பேசுவாள், தொழுகைக்குப் பாங்கு சொல்கிற சத்தம் கேட்டால் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டுச் சத்தம் வரும் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு அது முடியும்வரை அசையாமல் இருப்பாள், குழந்தையிலிருந்தே அப்படி. அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்கு. படகு இன்ஜின் பழுதுபார்க்கும் ஜெய்லானி, கையில் எப்போதும் கிரீஸ் கறையும் முகத்தில் எப்போதும் வெட்கமுமாகத் திரிந்த ஜெய்லானி, அவனும் மூன்று வருஷமாக வேறு யாரையும் கட்டமாட்டேன் என்றிருந்தான். இரண்டு தரம் கலீலே பெண் கேட்கப் புறப்பட்டார், இரண்டு தரமும் மைமூன் பீவி குறுக்கே நின்றாள். காரணம் கேட்டதற்கு, எனக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். தமீம் வீட்டுப் பெண் அவளுக்கு எந்த விதத்தில் குறைந்துவிட்டாள், நாலு ஆண்பிள்ளை பெற்ற திமிர் என்று ஊர் அவளைப் பேசியது, மைமூன் பீவி அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டாளே தவிர பதில் பேசவில்லை. அவள் மௌத்தான அன்று செய்னம்பு நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை உண்மை. அதற்கடியில் ஒரு நிம்மதி இருந்ததும் உண்மை, அதற்காகத் தன்னைத்தானே அவள் அருவருத்ததும் உண்மை.

மீரான்துறை அந்த மொட்டை வாரிச் சுருட்டித் தன் அன்றாடத்துக்குள் வைத்துக்கொள்ள நான்கு நாள்கூட ஆகவில்லை. அசர் தொழுதுவிட்டு டீக்கடைக்குப் போகிறவர்கள் வழியில் கல்லை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். துபாயில் இருப்பவர்களுக்காகப் பக்கீர் மோதினார் தினமும் ஒரு போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார், அங்கிருந்து கொஞ்சம் கிட்டத்தில் எடுங்கள், வெளிச்சம் போதவில்லை என்று குறை வந்தது. வீட்டுக்கு வீடு பெண்கள் கூடி உட்கார்ந்து, எந்த வருஷம் யாருக்குப் பிரசவத்தில் காய்ச்சல் கண்டது, யார் பிள்ளை யார் மடியில் கிடந்தது, எந்தப் புயலுக்கு எத்தனை குடும்பம் ஒரே கூரைக்குள் படுத்தது என்று ஊரின் பால் வரலாற்றையே தோண்டியெடுத்தார்கள். தெற்குத் தெருவில் ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்திய ஒரு கிழவரும் கிழவியும் எதற்கும் இருக்கட்டும் என்று தனித்தனி அறையில் படுக்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேருடைய உம்மாமார் கல்லையும் பேரப்பிள்ளைகள் போய்ப் பார்த்துப் புதிதாக ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகும், தனியறை சௌகரியமாக இருக்கிறது என்று கிழவி திரும்பி வரவில்லை. கலீல் மட்டும் கல்லின் மேல் சிமெண்டு பூசிவிடலாமா என்று ஜமாஅத்தில் கேட்டார். பள்ளிவாசல் இல்யாஸ் ஆலிம் வேண்டாம் என்றார். மௌத்தானவளின் வாயைப் பொத்துவது மாதிரி ஆகிவிடும் என்றார்.

மைமூன் பீவி பால் கொடுத்த பிள்ளை யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, அதுதான் அதிசயத்திலும் அதிசயம். பால் கொடுத்தால் இரண்டு பெண்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்பது அந்த ஊரின் கட்டு, நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது தப்பு நடந்துவிடக் கூடாது என்பதற்காக. மைமூன் பீவி அப்படி யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் இருக்க அவளிடம் வாக்கு வாங்கியவள் செய்னம்பு.

ருகையா பிறந்தபோது அவளுக்கு இருபது வயது. தலைச்சன் பிரசவம், தமீம் கொழும்பில் இருந்தார், ஒன்பதாம் நாள் குளிர்காய்ச்சல் வந்து பால் அடியோடு நின்றுபோனது. மாமியார் தினமும் காலையில் வந்து பிள்ளையைத் தூக்கி வாயை முகர்ந்து பார்க்கிறவர். அவர் முன்பே ஒரு கண்டிப்புப் போட்டிருந்தார்: அடுத்த வீட்டில் நாலு ஆண்பிள்ளை இருக்கிறது, நாளைக்கு என் பேத்திக்கு அதில் ஒன்று, அதனால் அந்த வீட்டுப் பால் மட்டும் இவள் வாயில் படக்கூடாது. புட்டிப்பாலைப் பிள்ளை துப்பியது. கத்திக் கத்திக் குரல் அடைத்துப்போன பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு, இரண்டு வீட்டுக் கொல்லைகளையும் இணைக்கும் முடுக்கு வழியாக, பெண்கள் மட்டும் நடக்கும் அந்த ஒற்றையடிச் சந்து வழியாக செய்னம்பு ஓடினாள். ஒன்றரை வயது ஜெய்லானியை மடியில் போட்டுக்கொண்டிருந்த மைமூன் பீவி அவனை இறக்கிவிட்டுவிட்டுக் கை நீட்டினாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதெல்லாம் செய்னம்பு வருஷக்கணக்கில் நினைக்காமல் ஒதுக்கி வைத்திருந்தது. மொட்டின் சேதி வந்த அடுத்த நாள், அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது அந்த முதல் தரம் முழுசாக ஞாபகம் வந்தது, அந்தத் துணியின் நீலக் கரைகூட ஞாபகம் வந்தது. மறுநாள் காலை மொட்டில் ஒரு இதழ் விரிந்திருப்பதாக மோதினார் போட்டோ போட்டார்.

பத்து நாள் கழித்து, இரண்டாவது தரம் பால் கொடுத்தது ஞாபகம் வந்தது, ஜெய்லானி அழுதுகொண்டே வந்து பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்தது. மறுநாள் இரண்டாவது இதழ். அதற்கடுத்த வாரம் மூன்றாவது, நாலு ஆணைப் பெற்றேன் ஒரு பெண்ணைக் கொடுக்கவில்லை ரப்பு என்று இறைவனிடம் குறைப்பட்டபடி மைமூன் பீவி பிள்ளையின் உள்ளங்காலை முத்தமிட்டது. மறுநாள் மூன்றாவது இதழ். நிக்காஹுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை இல்யாஸ் ஆலிம் ஜுமுஆவில் சட்டத்தை விளக்கினார், ஒலிபெருக்கி செய்னம்புவின் அடுப்படிவரை கேட்டது. நாலு தரம்வரை ஒன்றும் இல்லை, ஐந்து ஆனால்தான் விலக்கு, யாரும் பதற வேண்டாம் என்றார். மூச்சு வாங்க வாயை எடுத்தாலோ ஒரு பக்கம் விட்டு மறு பக்கம் மாற்றினாலோ அது ஒரே தரம்தான் என்றார். ஆனால் பிள்ளை போதும் என்று தானாக வாயை எடுத்து வேறு கவனத்துக்குப் போய்விட்டு மறுபடி வந்து குடித்தால் அது இன்னொரு தரம் என்றார். செய்னம்பு அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அப்போது ஞாபகம் வந்த நாலாவது தரம் ஒரு நண்பகல். பிள்ளை பாதி குடித்திருக்கும்போது லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். பிள்ளை தானாக வாயை எடுத்தது. தலையைச் சத்தம் வந்த பக்கம் திருப்பியது. மைமூன் பீவி மாராப்பை இழுத்து மூடி, பிள்ளையை மடியில் கிடத்தி, பாங்கின் ஒவ்வொரு சொல்லுக்கும் வாய்க்குள் பதில் சொன்னாள், முடிந்ததும் துஆ ஓதினாள், பிள்ளை அதுவரை கண்ணைக்கூடச் சிமிட்டாமல் கிடந்தது. பிறகு சிணுங்கியது, பிறகு குடித்தது. மறு பக்கம் மாற்றினாள், அவ்வளவுதான், என்று செய்னம்பு இருபத்து மூன்று வருஷம் தனக்குச் சொல்லி வைத்திருந்தாள். மறு பக்கம் மாற்றினாள், அவ்வளவுதான், என்று இப்போதும் சொல்லிக்கொண்டாள். மறுநாள் காலை நாலாவது இதழ் விரிந்தது, ஐந்தாவது வரவில்லை.

அன்று சாயங்காலம் ருகையா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பர்தாவைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றாள்.

"உம்மா, அந்தப் பூ யாருக்கு?"

"எனக்கு எப்படி மகளே தெரியும்."

ருகையா உம்மாவின் கையைப் பார்த்தாள். கை வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தது.

"நாலோட நின்னுட்டா போதும் உம்மா," என்றாள். "யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம்."

அவளுக்குத் தெரியும் என்று செய்னம்புவுக்குத் தெரிந்துபோனது. முழுதும் தெரியாது, ஆனால் கேட்காமல் இருக்கிற அளவுக்குத் தெரியும். மகள் தன்னை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள் என்பது செய்னம்புவைக் குத்திய அளவுக்கு வேறு எதுவும் குத்தவில்லை.

அடுத்த வியாழக்கிழமை, பெண்கள் மையவாடிக்கு ஜியாரத்துக்குப் போகும் நேரத்தில் செய்னம்புவும் போனாள். கூட வந்தவர்கள் ஓதிவிட்டு நகரும்வரை காத்திருந்து மைமூன் பீவியின் கல் முன்னால் உட்கார்ந்தாள். பதினோரு மாதத்தில் கடல் காற்று சங்கிலியின் கண்ணிகளைக் கொஞ்சம் மழுக்கியிருந்தது, சீப்பின் பற்களில் பாசி பிடித்திருந்தது, அந்தப் பூ மட்டும் நேற்றுச் செதுக்கியது போலக் கூர்மையாக இருந்தது. நாலு இதழ். ஐந்தாவதுக்கான இடம் வழவழவென்று காலியாக இருந்தது. அவள் கட்டைவிரலை அந்தக் காலி இடத்தில் அழுத்தி வைத்தாள்.

"ராத்தா, நாலுதானே," என்று அக்காளிடம் கேட்பது போலக் கேட்டாள்.

விரலின் கீழே ஒன்றும் அசையவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: இந்தக் கல் அவளை முந்திக்கொண்டு ஒரு நாளும் எதுவும் சொன்னதில்லை. அவள் நினைத்த பிறகுதான் ஒவ்வொரு இதழும் விரிந்திருக்கிறது, அவள் எந்த அளவுக்கு ஒப்புக்கொண்டாளோ அந்த அளவுக்குத்தான். உயிரோடு இருந்தபோது வாக்கைக் காத்த மாதிரியே மைமூன் பீவி இப்போதும் காத்துக்கொண்டிருக்கிறாள், திமிர் பிடித்தவள் என்ற பேரை வாங்கிக்கொண்டு இரண்டு தரம் குறுக்கே நின்ற மாதிரியே இப்போதும் நிற்கிறாள், ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். செய்னம்பு வாயைத் திறக்காவிட்டால் ஐந்தாவது இதழ் வரவே வராது. உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. அவள் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள், அழைப்பிதழ் கொடுக்க வேண்டிய வீடுகள் இன்னும் பாக்கி இருந்தன.

பூ நாலு இதழோடு நின்றுவிட்டது என்று ஊர் நிம்மதியானது. யாருடைய பிள்ளையாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், சட்டப்படி ஒன்றும் இல்லை என்று ஆலிம் சொல்லிவிட்டார். துபாய்க்காரர்கள் பெருமூச்சு விட்டு வாழ்த்துப் படங்கள் அனுப்பினார்கள். கலீல் பந்தலுக்குச் சொன்னார், வட்டில் பிரியாணிக்குப் பாத்திரம் வந்து இறங்கியது, ஜெய்லானி நகக்கண்ணில் இருந்த கிரீஸ் போக எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்ததை முடுக்கு வழியாகப் பார்த்த பெண்கள் வந்து சொல்லிச் சிரித்தார்கள். ருகையாவும் சிரித்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு மகள் பல் தெரியச் சிரிப்பதைப் பார்த்த செய்னம்பு, இதற்காக நரகத்துக்குப் போனாலும் போகலாம் என்று நினைத்தாள், அப்படியேதான் நினைத்தாள், நினைத்துவிட்டு உடனே மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்தாள்.

நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில். அதற்கு முன்பு பெண்ணின் வாப்பா இரண்டு சாட்சிகளோடு வீட்டுக்கு வந்து திரைக்கு அந்தப் பக்கம் நின்று பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும். அவர் கேட்பார், பெண் வெட்கப்பட்டுச் சும்மா இருப்பாள், மறுபடி கேட்பார், தோழிகள் இடிப்பார்கள், பெண் ம் என்பாள், பெண்கள் குலவையிடுவார்கள், ஆண்கள் பள்ளிக்குப் போய்விடுவார்கள். சிவப்புப் பட்டும் மல்லிகையுமாக ருகையா நடுவில் உட்கார்ந்திருந்தாள். செய்னம்பு அவளுக்கு எதிரே, மடியில் மருதாணி உலர்ந்த கையோடு. திரையின் அந்தப் பக்கம் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது, தமீம் தொண்டையைச் செருமினார்.

"மகளே ருகையா, கலீல் மகன் ஜெய்லானிக்கு உன்னை நிக்காஹ் செஞ்சு கொடுக்கதுக்கு உனக்குச் சம்மதமா?"

ருகையா வழக்கப்படி பேசாமல் இருந்தாள். தமீம் மறுபடி கேட்க வாயெடுக்கும்போது பள்ளிவாசலில் பக்கீர் மோதினார் லுஹருக்குப் பாங்கு சொல்ல ஆரம்பித்தார். எல்லோரும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அமைதியானார்கள்.

ருகையா தலையைச் சத்தம் வந்த பக்கம் திருப்பினாள்.

பூச்சரம் கன்னத்தில் விழுந்தது, அதை விலக்கவில்லை. கண்ணைச் சிமிட்டவில்லை. உதடு லேசாகப் பிரிந்திருந்தது. செய்னம்பு அந்தத் தலை திரும்பலை முன்பு ஆயிரம் தரம் பார்த்திருந்தாள், ஆனால் மைமூன் பீவியின் மடியில் கிடந்து திரும்பிய தலை அதுதான் என்று பார்க்காமலே பார்த்திருந்தாள். இப்போது பார்த்தாள். போதும் என்று தானாக வாயை எடுத்த பிள்ளை. பாங்கு முழுதும் கேட்ட பிள்ளை. மறு பக்கம் மாற்றியது இல்லை, அது இன்னொரு தரம்.

பாங்கு முடிந்தது. தமீம் இரண்டாவது தரம் கேட்டார். தோழி இடித்தாள். ருகையா உம்மாவைப் பார்த்தாள், அந்தப் பார்வையில், சொல்லிவிடட்டுமா என்ற கேள்வி மட்டும்தான் இருந்தது.

"சொல்லாதே மகளே," என்றாள் செய்னம்பு. குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. திரைப் பக்கம் திரும்பி, ஆண்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். "அந்தப் பூ இவதான். மைமூன் ராத்தா என் பிள்ளைக்கு அஞ்சு தரம் பால் கொடுத்தாங்க. நான்தான் வெளிய சொல்லக்கூடாதுன்னு வாக்கு வாங்கினேன். அஞ்சு தரம். நான் இத்தனை வருஷம் நாலுன்னு எண்ணிக்கிட்டு இருந்தேன்."

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சாட்சி, மௌத்துச் செய்திக்குச் சொல்வது போல, இன்னா லில்லாஹி என்று முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் தமீமின் காலடி தளர்ந்து வெளியே போவது கேட்டது. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து சேதி அறிந்தவர்கள் மையவாடிக்கு ஓடினார்கள். ஐந்தாவது இதழ் விரிந்திருந்தது. கல்லின் காலடியில் ஒரு கைப்பிடி வெள்ளைத் தூள் கிடந்தது, ஐந்து இதழுக்கும் சேர்த்து, இத்தனை வாரமாக எங்கேயோ பிடித்து வைத்திருந்தது போல மொத்தமாகக் கிடந்தது. இல்யாஸ் ஆலிம் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, கலீலின் தோளில் கை வைத்து, நாலு மகனுக்குப் பிறகு உமக்கு ஒரு மகள் என்றார். கலீல் அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதார். சந்தோஷமா துக்கமா என்று கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. சமைத்த பிரியாணியை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார், பசித்தவர்களுக்குக் கொடுங்கள் என்றார்கள், ஊரே பசியாகத்தான் இருந்தது, எல்லோரும் தலை குனிந்தபடி சாப்பிட்டார்கள்.

ருகையா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, உம்மாவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள். பட்டுச் சேலை சரசரக்கக் கொல்லைப்புறம் நடந்து முடுக்குக்குள் இறங்கினாள். தடுக்கப் போன பெண்களைச் செய்னம்பு கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தான் மட்டும் பத்தடி தள்ளிப் பின்னால் போனாள். கொல்லைக் கிணற்றில் விழுந்துவிடுவாளோ என்ற பயம்தான் அவளை நடக்க வைத்தது.

ருகையா கிணற்றைத் தாண்டிப் போனாள். கலீல் வீட்டுக் கொல்லையில், மாப்பிள்ளைச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றிவிட்டுத் துணி துவைக்கிற கல்லில் ஜெய்லானி உட்கார்ந்திருந்தான். காலடி கேட்டதும் பழக்கத்தில் எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்று வருஷமாக அவளை நேருக்கு நேர் பார்ப்பது தப்பு என்று அவன் பார்த்ததில்லை. ருகையா முன்னால் போய் நின்றாள். தலையிலிருந்த முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளினாள். கூடப்பிறந்தவன் முன்னால் முக்காடு தேவையில்லை என்பதும் அந்தச் சட்டத்தில்தான் இருந்தது. அவனை என்ன சொல்லி அழைப்பது என்று இத்தனை நாள் அவளுக்கு ஒரு வார்த்தை இருந்ததில்லை, பெயர் சொல்லவும் முடியாது, வேறு ஒன்றும் இன்னும் ஆகியிருக்கவில்லை. அந்த ஊரில் அண்ணன்மாரை எல்லோரும் அழைக்கிற வார்த்தையை அவள் மெதுவாகச் சொன்னாள்.

"காக்கா."

ஜெய்லானி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கொல்லைக் கதவை நன்றாகத் திறந்து வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

"உள்ள வா தங்கச்சி," என்றான்.

ருகையா உள்ளே போனாள். முடுக்கில் நின்ற செய்னம்புவுக்கு உள்ளே பாதி தெரிந்தது: மைமூன் பீவியின் கட்டில், கட்டில் தலைமாட்டில் ஆணியில் இன்னும் தொங்கிய வெள்ளைத் தொழுகைத் துப்பட்டி. மகள் அந்தத் துப்பட்டியின் முன்னால் போய் நின்றாள், இரண்டு கையாலும் அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"உம்மா," என்றாள்.

"என்ன மகளே," என்று செய்னம்பு சந்திலிருந்து பதில் கொடுத்தாள், இருபத்து மூன்று வருஷப் பழக்கத்தில், வாய் தானாகக் கொடுத்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அழைப்பு தனக்கில்லை என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அவள் சுவரில் முதுகைச் சாய்த்து, பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடிய அதே முடுக்கில், தன்னையும் யாராவது உள்ளே கூப்பிடுவார்களா என்று காத்துக்கொண்டு நின்றாள்.